சொல்லாமல் சொல்லிக்கொடுத்த வாத்தியார்: சூப்பர் மாரியோவின் கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

வரலாறு என்றால் அரசர்களும் போர்களும் மட்டுமல்ல, விளையாட்டுச் சாமானுக்கும் வரலாறு உண்டு. இன்று ஒரு வீடியோ கேமைப் பற்றி எழுதுகிறேன். "டீச்சருக்கு இந்த வயதில் இது எதற்கு?" என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுத் தொடருங்கள்.

1889இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் ஃபுசாஜிரோ யமாவுச்சி என்பவர் ஒரு கடை தொடங்கினார். பூப்படம் போட்ட சீட்டுக்கட்டுகளைச் செய்து விற்பதுதான் தொழில். அதுதான் நின்டெண்டோ. ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு கழித்து, 1977இல், ஷிகெரு மியாமோட்டோ என்ற இளைஞர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அவர் படித்தது வடிவமைப்பு; கணினி அல்ல.

1981இல் அவர் உருவாக்கிய 'டாங்கி காங்' விளையாட்டில் ஒரு பெரிய குரங்கு பீப்பாய்களை உருட்டிவிடும். அவற்றைத் தாண்டிக் குதித்து மேலே ஏறுகிற குட்டி மனிதர்தான் பின்னாளில் மாரியோ ஆனார். அவருடைய உருவத்தில் ஒரு சுவாரசியம் உண்டு. அந்தக் காலத் திரையில் ஒரு முகம் வரைய விரல்விட்டு எண்ணக்கூடிய புள்ளிகளே கிடைக்கும். வாய் வரைய இடமில்லை, அதனால் பெரிய மூக்கும் மீசையும். தலைமுடி வரைவது கஷ்டம், அதனால் தொப்பி. கை அசைவது தெரிய வேண்டும், அதனால் சட்டைக்கு ஒரு நிறம், மேலே போட்ட உடுப்புக்கு வேறு நிறம். இல்லாமையில் பிறந்த அழகு.

அடுத்து 1983. அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் சரிந்து விழுந்த ஆண்டு. ஆளாளுக்கு மட்டமான விளையாட்டுகளைச் செய்து கடைகளில் குவித்தார்கள். வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். விற்காத கேசட்டுகளை அடாரி நிறுவனம் நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ என்ற ஊரில் குழி தோண்டிப் புதைத்தது. 2014இல் அதே இடத்தைத் தோண்டி அவற்றை எடுத்தும் காட்டினார்கள். 'வீடியோ கேம்' என்ற பெயரைக் கேட்டாலே அமெரிக்கக் கடைக்காரர்கள் முகம் சுளித்த காலம் அது.

அந்த நேரத்தில், 1985 செப்டம்பர் 13 அன்று, ஜப்பானில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' வெளியானது. மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து வடிவமைத்தார்கள். இசை கோஜி கோண்டோ. எட்டு உலகங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு நிலைகள், ஆக மொத்தம் 32. இத்தனையும் அடங்கியது வெறும் 40 கிலோபைட்டில்! இன்று உங்கள் கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரிது. வானத்தில் இருக்கும் மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம்தான். ஒன்றுக்கு வெள்ளை நிறம், மற்றதற்குப் பச்சை. அவ்வளவு சிக்கனம்.

என்னைப் போன்ற ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது அதன் முதல் நிலையை. அங்கே 'இப்படிச் செய்' என்று ஒரு வரிகூட எழுதியிருக்காது. மாரியோ திரையின் இடப்பக்கம் நிற்பார். வலப்பக்கம் வெட்டவெளி. குழந்தை தானாகவே வலப்பக்கம் நகரும். கேள்விக்குறி போட்ட ஒரு பெட்டி மின்னும். எதிரே கோபத்தோடு ஒரு குட்டி உருவம் நடந்து வரும். முட்டினால் மாரியோ போய்விடுவார். மறுபடி முதலிலிருந்து. இந்த முறை குழந்தை குதிக்கும். தலை பெட்டியில் இடித்தால் காசு வரும். ஆகா, இடித்தால் நல்லது!

அடுத்த பெட்டியிலிருந்து ஒரு காளான் வரும். அதுவும் பார்க்க அந்த எதிரியைப் போலவே இருப்பதால் பயம். ஆனால் காளான் வலப்பக்கமாக ஓடி, குழாயில் மோதி, மாரியோவை நோக்கியே திரும்பி வரும். தப்பிப்பது கடினம். பட்டதும் மாரியோ பெரியவராகிவிடுவார். ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு பாடம் முடிந்துவிட்டது.

அதன்பின் வரும் முதல் மூன்று குழாய்கள் ஒன்றைவிட ஒன்று உயரம். பட்டனை எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அவ்வளவு உயரம் குதிக்கலாம் என்பது அங்கே புரியும். இன்னும் தள்ளிப்போனால் படிக்கட்டு போல இரண்டு மேடுகள், நடுவே தரை. தவறி விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. சற்றுத் தள்ளி அதே மாதிரி இரண்டு மேடுகள். இப்போது நடுவே தரை இல்லை, பள்ளம்!

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்தது என்ன? தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு, எளியதிலிருந்து அரியதற்கு. பாடக்குறிப்பேட்டில் எத்தனை முறை எழுதியிருப்போம்! அதை ஒரு பொம்மை விளையாட்டு இவ்வளவு சுத்தமாகச் செய்து காட்டியிருக்கிறது.

அமெரிக்காவில் இந்தக் கருவியைச் சாம்பல் நிறப் பெட்டியாக்கி, கூடவே ஒரு ரோபோ பொம்மையையும் சேர்த்து, 1985 கடைசியில் நியூயார்க்கில் விற்றுப் பார்த்தார்கள். இறந்துபோனது என்று எழுதி வைத்த ஒரு தொழில் எழுந்து உட்கார்ந்தது. இந்த ஒரு விளையாட்டு மட்டும் 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் போனது. 2023இல் இதன் இசையை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது. ஒரு வீடியோ கேம் இசைக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல் முறை.

நம் ஊருக்கு அசல் கருவி வந்தது குறைவு. தொண்ணூறுகளில் வந்தவை பெரும்பாலும் நகல்கள். 'டிவி கேம்' என்போம். கேசட்டை வாயால் ஊதிச் செருகிய பிள்ளைகளுக்கு இன்று நாற்பது வயது இருக்கும்.

"மூன்று மணி நேரம் கேம் ஆடுகிறான், பத்து நிமிடம் கணக்குப் போட மாட்டேன் என்கிறான்" என்று பெற்றோர் குறைபடுவதை என் பணிக்காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். காரணம் சோம்பல் மட்டுமல்ல. மாரியோ பள்ளத்தில் விழுந்தால் யாரும் திட்டுவதில்லை. நாற்பது பேர் முன்னால் மதிப்பெண்ணைப் படிப்பதில்லை. எங்கே தவறியது என்பது அந்த நொடியே தெரிகிறது; உடனே இன்னொரு வாய்ப்பும் கிடைக்கிறது. கணக்குப் பாடத்தில் அந்தப் பிள்ளைக்கு இவற்றில் எது கிடைக்கிறது? வாய்ப்பாட்டையும் எழுத்தையும் விளையாட்டாக மட்டுமே கற்பித்துவிட முடியாது. சொல்லித்தான் தர வேண்டும். ஆனால் தவறு செய்ய அஞ்சாத பிள்ளைக்குத்தான் சொல்வது காதில் ஏறும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாரியோவுக்கு ஒரு முடிவு உண்டு. எட்டாவது உலகத்துக் கோட்டையில் இளவரசியை மீட்டால் கதை முடிந்தது. கேசட்டை ஒரு முறை வாங்கினால் போதும்; நடுவில் காசு கேட்காது, விளம்பரம் காட்டாது. இன்று பேரப்பிள்ளைகளின் கைபேசியில் இருக்கும் பல விளையாட்டுகளுக்கு முடிவே கிடையாது. எழுந்து போகவிடாமல் வைத்திருப்பதற்கென்றே செய்யப்பட்டவை. எல்லா விளையாட்டையும் ஒரே தராசில் நிறுத்தித் திட்டுவதற்கு முன், பிள்ளை பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அது எதையாவது கற்றுத்தருகிறதா? அதற்கு ஒரு முடிவு இருக்கிறதா? இந்த இரண்டு கேள்வி போதும்.

உங்கள் வீட்டில் அந்த 'டிவி கேம்' இருந்ததா? எந்த நிலை வரை போனீர்கள்? கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.