பழவேற்காடு ஏரியும் இறால் பண்ணை வழக்கும்

பழவேற்காடு ஏரி தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேச எல்லையில் அமைந்துள்ள உவர்நீர் ஏரியாகும். இந்திய உவர்நீர் ஏரிகளில் இது சிலிக்காவுக்கு அடுத்த பெரிய ஏரி. இங்குள்ள மீனவர்கள் 'பாடு' எனும் மரபுவழி முறையில் மீன்பிடி இடங்களைத் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர்.

இறால் பண்ணைகள்

1990களில் கிழக்குக் கடற்கரையில் ஏற்றுமதிக்கான இறால் பண்ணைகள் பெருகின. இவற்றில் குஞ்சுகள் குளங்களில் நெருக்கமாக விடப்பட்டு, செயற்கைத் தீவனத்தால் வளர்க்கப்படுகின்றன. எஞ்சிய தீவனமும் கழிவும் கலந்த நீரை வெளியேற்றினால் அருகிலுள்ள நீர்நிலை மாசடையும். குளத்து உவர்நீர் கசிந்தால் குடிநீர்க் கிணறுகளும் நெல்வயல்களும் கெடும்.

இருதரப்பு வாதங்கள்

ஆதரவாளர்கள் அன்னியச் செலாவணியையும் வேலைவாய்ப்பையும் சுட்டினர். வருவாய் பண்ணை உரிமையாளருக்கும், இழப்பு பொது நீரையும் நிலத்தையும் நம்பி வாழ்வோருக்கும் சேர்கின்றது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம்.

வழக்கு

காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. பழவேற்காடு, சிலிக்கா ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் வளர்ப்புத் தொழில் தடை செய்யப்பட்டது. மாசுபடுத்தியவரே இழப்பீடு வழங்க வேண்டும் என்ற கொள்கையும் இத்தீர்ப்பில் வலியுறுத்தப்பட்டது.

பிந்தைய நிலை

2005ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பதிவு உள்ளிட்ட கட்டுப்பாடுகளுடன் கடலோர இறால் வளர்ப்பை அனுமதித்தது. எனவே, விவாதம் தீர்ப்புடன் முடியவில்லை.