எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) முன்னிலையில்: ஒரு சட்டச் சொல்லின் வரலாறு

1603 நவம்பரில் இங்கிலாந்தின் வின்செஸ்டரில் நடந்த ராஜத் துரோக வழக்கில், சர் வால்டர் ராலேக்கு எதிரான முக்கியச் சான்று கோபாம் பிரபுவின் எழுத்து வாக்குமூலம். கோபாமை அழைத்து வந்து தன் எதிரிலேயே பேசவைக்குமாறு ராலே மன்றாடினார். நீதிமன்றம் மறுத்துத் தண்டித்தது. காகிதத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்பதை அந்நாட்டுச் சட்டமரபு பின்னாளில் ஏற்றது. அமெரிக்கா 1791-ல் ஆறாவது திருத்தத்தின் மூலம் சாட்சியை நேரில் எதிர்கொள்வதை அரசியலமைப்பு உரிமையாகவே ஆக்கியது. இந்திய அரசியலமைப்பில் இதற்கெனத் தனிப் பிரிவு இல்லை. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 353, 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 273, இன்றைய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 308 ஆகிய பிரிவுகளே அதை அடுத்தடுத்துத் தாங்கி வந்துள்ளன. சாட்சியத்தை எதிரியின் முன்னிலையில் பதிய வேண்டும்; நேரில் வருவதிலிருந்து அவருக்கு விலக்கு தந்திருந்தால், அவருடைய வழக்கறிஞர் முன்னிலையில் பதியலாம். விதியின் அடிப்படை மாறவில்லை. ‘முன்னிலை’ என்ற சொல்லின் பொருள்தான் விரிந்தது. அந்த விரிவு உரிமையைத் தேய்க்கவில்லை, அதன் நோக்கத்தைத் தெளிவாக்கியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2003-ல் மகாராஷ்டிர வழக்கொன்றில், அமெரிக்காவிலிருந்த மருத்துவரைக் காணொலி வழியே விசாரிக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. எதிரி சாட்சியைப் பார்க்கவும், அவர் சொல்வதைக் கேட்கவும், தன் வழக்கறிஞருடன் பேசவும் முடிந்தால் அதுவும் முன்னிலையே என்றது. மறுபக்கம், எதிரியைக் கண்டாலே நடுங்கும் சாட்சியை என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 36-ஆம் பிரிவு விடை தருகிறது: குழந்தையின் கண்ணில் எதிரி படக்கூடாது, ஆனால் குழந்தை சொல்வது எதிரிக்குக் கேட்க வேண்டும், அவர் தன் வழக்கறிஞருடன் பேசவும் வழியிருக்க வேண்டும். திரை மறைப்பது முகத்தை மட்டுமே.

வழக்கறிஞர் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். ராஜஸ்தானின் ஆத்மா ராம் வழக்கில் 12 சாட்சிகள் விசாரிக்கப்பட்டபோது வழக்கறிஞர் இருந்தார். சிறையிலிருந்த எதிரிகள் அழைத்து வரப்படவில்லை. அந்தச் சாட்சியங்களை மீண்டும் பதிய உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. எதிரி நேரில் இருப்பது சடங்கு அல்ல. சம்பவ இடத்தில் விளக்கு எரிந்தது என்று சாட்சி சொல்லும்போது, அந்த விளக்கு பழுதாகிக் கிடந்ததை அறிந்தவர் எதிரியாக இருக்கலாம். அவர் அதை வழக்கறிஞரின் காதில் சொன்னால்தான் அடுத்த கேள்வி பிறக்கும்.

இந்த அளவுகோலில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு தடுமாறுகிறது. தலைமறைவான அறிவிக்கப்பட்ட குற்றவாளி, முன்னிலை உரிமையைக் கைவிட்டதாகவே கருதப்படுவார். குற்றச்சாட்டு வனைந்து 90 நாள்கள் கழிந்தபின் அவர் இல்லாமலேயே விசாரணை தொடங்கலாம். ஓடி ஒளிந்தவர் தன் ஓட்டத்தால் லாபம் அடையக்கூடாது என்ற வாதம் வலுவானது. எனினும் ஊர் மாறிப் பிழைப்பவருக்கு அறிவிப்பு எட்டாமலே போகலாம். அரசுச் செலவில் அமர்த்தப்படும் வழக்கறிஞருக்கு விவரம் சொல்லவும் ஆள் இல்லை. விசாரணையின் நடுவே அவர் பிடிபட்டாலோ ஆஜரானாலோ, ஏற்கெனவே பதிந்த சாட்சியத்தைச் சோதிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்கிறது சட்டம். அறிவிப்பு உண்மையிலேயே எட்டவில்லை எனில், அந்த ‘அனுமதிக்கலாம்’ என்பதை ‘அனுமதிக்க வேண்டும்’ என்றே நீதிமன்றங்கள் படிக்க வேண்டும். சாட்சிகளைத் திரும்ப அழைப்பது முடியாத காரியம் அல்ல என்பதற்கு ஆத்மா ராம் தீர்ப்பே சான்று.