கண்ணாடியில் கதை, கல்லில் பெயர்: கொல்கத்தா தூய பவுல் பேராலயச் சாளரங்களை வாசித்தல்

தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பற்றி எழுதுவோர் பலரும் ஒரே வாசகத்தோடு தொடங்குகிறார்கள்: எழுத்தறியாத மக்களுக்கு விவிலியத்தைக் கற்பிக்கவே அவை தோன்றின. படங்களை உடைத்த மார்செய் ஆயர் செரீனஸைக் கண்டித்து, சுமார் 600ஆம் ஆண்டில் போப் முதலாம் கிரகோரி எழுதிய கடிதம் இதற்குச் சான்றாகக் காட்டப்படும். ஆனால் அந்தக் கடிதம் பேசுவது சுவர்ப் படங்களைப் பற்றி. சாளரக் கலை பெருக இன்னும் ஐந்நூறு ஆண்டுகள் இருந்தன. அது பெருகிய காலத்திலும் படம் தானாகப் பேசிவிடவில்லை. பாரிசுக்கு அருகே 1144இல் அர்ப்பணிக்கப்பட்ட சேன்-தெனி ஆலய விரிவாக்கத்தில், தீர்க்கதரிசிகள் தானிய மூட்டைகளைக் கொண்டுவர, பவுல் எந்திரக் கல்லைச் சுழற்றும் காட்சி இருந்தது. அதைச் செய்வித்த மடாதிபதி சூஜே, பொருள் விளங்க லத்தீன் வரிகளையும் சேர்த்தார். லத்தீன் தெரியாத உழவர் அங்கே கண்டிருக்கக்கூடியது ஒரு மாவரைக்கும் கல்லைத்தான்.

படத்துக்கும் கதைக்கும் நடுவில் ஒருவர் நின்றாக வேண்டும். இதைச் சொல்ல ஐரோப்பா வரை போக வேண்டியதுமில்லை. பரிபாடலின் 19ஆம் பாடலில், திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தில் ஓவியம் பார்க்கும் கூட்டம் வருகிறது. ரதி யார், காமன் யார் என்று சிலர் கேட்க, சிலர் விடை சொல்கிறார்கள். பூனையுருவில் இந்திரன், அகலிகை, கவுதமன், கல்லான உருவம் என்று சுட்டிக்காட்டி விளக்குவோரும் இருக்கிறார்கள். நப்பண்ணனார் ஓவியத்தோடு நிற்காமல், அதன் முன் நடந்த வினாவிடையையும் பாடியிருக்கிறார். கொல்கத்தாவின் தேவாலயப் படங்களுக்கு இந்த அளவுகோலே பொருத்தமானது என்பது என் கருத்து. இவர் யார் என்ற கேள்விக்கு அங்கே யார் விடை சொன்னார்கள்? என்ன விடை சொன்னார்கள்?

முதல் சான்று கண்ணாடியன்று, திரைச்சீலை. 1787இல் அர்ப்பணிக்கப்பட்ட தூய யோவான் தேவாலயத்துக்கு யோஹான் ஸோஃபனி கடைசி இராப்போஜனத்தை வரைந்து கொடுத்தார். சீடர்களுக்கு நகரத்து மனிதர்களின் முகங்களை வைத்தார். இயேசுவுக்கு முகம் தந்தவர் கிரேக்கப் பாதிரியார் பார்தேனியோ. யோவானுக்கு, காவல்துறை நீதிபதி பிளாக்கியர். யூதாசுக்கு ஏலக்காரர் டுல்லோ என்பது வழிவழியாக வரும் செய்தி. அன்றைய கல்கத்தாவின் ஆங்கிலேயர் இந்தப் படத்தின் முன் நின்று ‘யார் இவர்’ என்று கேட்டால், விடை நற்செய்தி நூலிலிருந்து வந்திருக்காது. ஊர் வம்பிலிருந்து வந்திருக்கும். விவிலியம் தெரிந்தவர்களுக்கே கதை இரண்டாமிடத்துக்குப் போய்விட்டது.

தூய பவுல் பேராலயத்தில் இதே இடப்பெயர்ச்சி இன்னும் கனமாக நடந்தது. ஆயர் டேனியல் வில்சன் 1839இல் அடிக்கல் நாட்ட, வில்லியம் நேர்ன் ஃபோர்ப்ஸ் வடிவமைத்த அந்தக் கட்டடம் 1847இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதன் கிழக்குச் சாளரத்தில் பெஞ்சமின் வெஸ்ட் வரைந்த சிலுவைக் காட்சி இருந்தது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் காலத்தில் விண்ட்சர் கோட்டையின் தூய ஜார்ஜ் சிற்றாலயத்துக்காக எண்ணப்பட்ட வடிவம் அது. கடைசியில் அன்பளிப்பாகக் கல்கத்தா வந்து சேர்ந்தது. பேராலயத்தைப் பற்றிய குறிப்புகளில் இந்தச் சாளரம் வரும்போதெல்லாம் மன்னரும் விண்ட்சரும் கூடவே வருகிறார்கள். சிலுவையடியில் நின்றவர்கள் யார் என்பதை அந்த எழுத்துகள் சொல்வதில்லை. 1864 அக்டோபர் 5ஆம் தேதி அடித்த பெரும் புயல் சாளரத்தை நொறுக்கிவிட்டது. ஈயப் பட்டைகளால் கோத்த கண்ணாடி, ஐரோப்பிய மழைக்கும் பனிக்கும் ஈடுகொடுக்கும். வங்காள விரிகுடாவின் காற்று அதற்குப் பழக்கமில்லாதது.

மேற்குச் சாளரம் 1880ஐச் சேர்ந்தது. எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் வரைந்தது, வில்லியம் மாரிசின் நிறுவனம் செய்தது. 1872 பிப்ரவரி 8 அன்று அந்தமானின் போர்ட் பிளேயரில் ஷேர் அலி அஃப்ரிதி என்ற கைதியால் குத்திக் கொல்லப்பட்ட வைஸ்ராய் மேயோ பிரபுவின் நினைவாக அது வைக்கப்பட்டது. பயண நூல்களைப் புரட்டிப் பாருங்கள்: ஓவியர் பெயர், ஆண்டு, வைஸ்ராய், கொலை. பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். சாளரத்தில் இருப்பது எந்தக் கதை என்று கேட்கும் பழக்கமே நமக்கு விட்டுப்போயிருக்கிறது. இது வாசகரின் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. நினைவுச் சின்னமாக வந்த சாளரம், தன்னை எப்படி வாசிக்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொண்டே வந்தது.

இதில் ஒரு வரலாற்று வேடிக்கையும் உண்டு. பழங்கட்டடங்களைக் காக்கும் சங்கத்தை 1877இல் நிறுவிய மாரிஸ், தொன்மையான தேவாலயங்களில் புதுக் கண்ணாடி பொருத்துவதில்லை என்று முடிவெடுத்தார். நாற்பது வயதைக்கூட எட்டாத கல்கத்தாப் பேராலயத்துக்கு அந்தத் தடை இல்லை. 1883இல் சோஷலிச இயக்கத்தில் சேர்ந்து பேரரசுக் கொள்கையைக் கடுமையாகச் சாடப் போகிறவரின் பட்டறையிலிருந்து, அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு வைஸ்ராயின் நினைவுச் சாளரம் கப்பலேறியது.

கொடையாளர் தம் அடையாளத்தைச் சாளரத்தில் பதிப்பது எங்கும் உள்ளதுதானே என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. 13ஆம் நூற்றாண்டுச் சார்த்ர் பேராலயத்தில் புனிதர் கதைகளுக்குக் கீழேயே தோல் வணிகரும் ரொட்டி சுடுவோரும் தங்கள் தொழிலைச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அதே தெருவில் இருந்தவர்களுக்குக் கதையும் தெரியும், கடையும் தெரியும். மேயோ அயர்லாந்தில் அடக்கம் செய்யப்பட்டவர். பேராலயத்திலுள்ள மற்றொரு புகழ்பெற்ற நினைவுச் சின்னம், சான்ட்ரி செதுக்கிய ஆயர் ஹீபரின் சிலை. ஹீபர் 1826இல் நம் திருச்சிராப்பள்ளியில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டவர். இந்த இருவரின் உடல்கள் வேறெங்கோ கிடக்க, பெயர்கள் மட்டும் வந்து சேர்ந்த இடம் அது. அத்தகைய இடத்தில் விவிலியக் காட்சி, பெயருக்குச் சட்டமாகி நிற்பது இயல்பு.

பேரரசு போய்விட்டது, 1970 முதல் பேராலயம் வட இந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. கிறிஸ்துமஸ் இரவில் வரும் கூட்டத்தில் கிறிஸ்தவரல்லாதோர் ஏராளம். மேயோ யாரென்று அவர்களில் பலருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. அப்படியானால் இப்போதுதான் கிரகோரி சொன்ன பார்வையாளர்கள், அதாவது நூலறியாமல் படத்தை மட்டும் காண்பவர்கள், இந்தச் சாளரங்களுக்கு வாய்த்திருக்கிறார்கள் எனலாம். கேட்பவர்கள் வந்துவிட்டார்கள், பரிபாடல் மண்டபத்தில் இருந்ததுபோல விடை சொல்பவர்தான் இல்லை.

அப்படிப்பட்டவர் அந்த மாநிலத்திலேயே இருக்கிறார். மேற்கு மேதினிப்பூர் மாவட்டம், பிங்க்ளா வட்டாரத்து நயா கிராமத்தில் வாழும் பட்டுவாக்கள், நீண்ட படச்சுருளை விரித்து ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் சுட்டிப் பாடுகிறவர்கள். பாம்புத் தெய்வமான மனசாவின் கதையும் ராமன் கதையும் பாடும் அவர்கள், இயேசுவின் வாழ்வையும் சுருளாக வரைந்து பாடியிருக்கிறார்கள். பட்டுவாக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே படமும் விளக்கமும் ஒரே கையிலிருந்து வருகின்றன. பாட்டின் முடிவில் பட்டுவா தன் பெயரையும் ஊரையும் சொல்லி முத்திரையிடுவது மரபு. கொடுத்தவர் பெயர் அந்த முத்திரையில் வராது. தூய பவுல் பேராலயத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு: வைஸ்ராயின் பெயரும் ஓவியரின் பெயரும் நிலைத்தன, கண்ணாடியை வெட்டி, தீட்டி, சூளையில் சுட்டு, ஈயத்தில் கோத்தவர்களின் பெயர்களை எந்தப் பயண நூலும் கேட்டதில்லை. கொல்கத்தாச் சாளரங்களைப் பற்றிய ஆய்வு, விவிலிய அதிகாரத்தையும் வசனத்தையும் தேடுவதற்கு முன் பட்டறைக் கணக்கேடுகளிலிருந்தும் நினைவுப் பலகைகளிலிருந்தும் தொடங்குவது நல்லது.