காசுக்கு ஒரு நட்சத்திரம்

பிறந்தநாள் பரிசாக நட்சத்திரத்துக்கே பெயர் வைத்துச் சான்றிதழ் அனுப்புகிறார்களாம். நம் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை விளம்பரம் வந்துவிட்டது. வெளிநாட்டில் 1979-லேயே தொடங்கிய வியாபாரம் இது. (அந்தக் காசுக்கு எத்தனை கிலோ பால்கோவா வாங்கலாம்!) வானியலாளர்கள் ஏற்பது சர்வதேச வானியல் ஒன்றியம் வைக்கும் பெயரைத்தான், அது பெயர்களை விற்பதில்லை.

சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ல் ஒரு நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டுபிடித்தார். இரவுகளில் கண்விழித்து உழைத்தவர். அவர் பெயரையா அதற்கு வைத்தார்கள்? ஏட்டில் அது 'ஆர் ரெட்டிகுலி'. எனக்கு இது இன்றும் ஆறவில்லை.

2019-ல் ஒன்றியம் நாட்டுக்கு ஒரு நட்சத்திரம் ஒதுக்கிப் பெயர் கேட்டது. நம் நாடு வைத்த பெயர் 'பிபா'. காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்த வங்காளப் பெண்மணி பிபா சௌத்ரியின் நினைவாக. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, டெலஸ்கோப் வேண்டும்.