ஏட்டில் ஏறிய பெயர்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் இரவு பத்து மணிக்கு ஒரு போன். அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவன். "சார், தூங்கிட்டீங்களா?" என்றான். குரலே சரியில்லை.

நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு கடையில் ஏதோ தவறான புரிதலில் அவனைக் கைது செய்திருக்கிறார்கள். அன்று இரவே விட்டுவிட்டார்கள். இரண்டு மாதத்தில் நீதிபதி வழக்கையே தள்ளுபடி செய்துவிட்டார். அதோடு முடிந்தது என்று நினைத்திருக்கிறான். இப்போது வாடகைக்கு வீடு கேட்டால், பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்கிறார்களாம். "கேஸே இல்லைன்னு ஜட்ஜ் சொல்லிட்டார் சார். ஆனா கைது ஆனது மட்டும் அப்படியே நிக்குது. நீங்க வரலாறு வாத்தியார், இது என்ன நியாயம் சொல்லுங்க" என்றான்.

உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு வாரம் படித்தேன். படித்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

அமெரிக்காவில் மாநிலத்துக்குக் கீழே கவுண்ட்டி என்று ஒரு பிரிவு உண்டு. நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடு முழுக்க 3,000-க்கும் மேல். பெரும்பாலான கவுண்ட்டிகளில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஷெரிஃப் ஒருவர் இருப்பார். சிறையும் பொதுவாக அவர் பொறுப்பில்தான். நீதிமன்ற ஏடுகளைக் காக்க ஒரு கிளார்க் இருப்பார். ஒருவரைக் கைது செய்தால் பெயர், படம், கைரேகை, குற்றச்சாட்டு எல்லாம் ஏட்டில் ஏறிவிடும். அந்த ஏட்டை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம் என்பதுதான் அங்கே பல இடங்களில் நடைமுறை.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு நல்ல எண்ணம் இருக்கிறது. அரசாங்கம் ஒரு மனிதனை ரகசியமாகப் பிடித்துக்கொண்டு போய் அடைத்துவிடக் கூடாது. யார் உள்ளே இருக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். நாம் ஆட்கொணர்வு மனு என்கிறோமே, அதே அக்கறைதான். குடிமகனைக் காக்கத் திறந்து வைத்த ஏடு அவன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது எப்படி என்பதற்கு மூன்று கதைகள் சொல்கிறேன்.

முதல் கதை அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி கவுண்ட்டியில் நடந்தது. 2004-ல் ஷெரிஃப் அலுவலகத்தின் பழைய பொருட்களைச் சுத்தம் செய்தபோது தூசி படிந்த ஒரு படப் புத்தகம் கிடைத்தது. பேருந்துப் புறக்கணிப்புப் போராட்டத்துக்காக 1956 பிப்ரவரியில் கைதானவர்களின் படங்கள் அதில் இருந்தன. 7053 என்ற எண்ணுடன் ரோசா பார்க்ஸ். 7089 என்ற எண்ணுடன் மார்ட்டின் லூதர் கிங். ரோசா பார்க்ஸின் அந்தப் படத்தைப் பேருந்தில் கைதான அன்று எடுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். நானே வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். பேருந்துக் கைது 1955 டிசம்பர் 1. இந்தப் படம் அடுத்த பிப்ரவரியில் எடுத்தது. இன்னொரு விஷயம் என்னை உலுக்கியது. கிங்கின் படத்தின் மேல் யாரோ 'இறந்தார்' என்று எழுதி, அவர் சுடப்பட்ட தேதியையும் குறித்திருந்தார்கள். அவர் செத்த பிறகும் அந்தப் பக்கத்தை ஒரு கை தேடிப் போயிருக்கிறது.

இரண்டாவது கதை ஜார்ஜியா மாநிலத்தின் டிகால்ப் கவுண்ட்டி. 1960 மே மாதம், ஜார்ஜியா ஓட்டுநர் உரிமம் எடுக்காமல் பழைய அலபாமா உரிமத்தோடு கார் ஓட்டினார் என்று கிங் மேல் ஒரு வழக்கு. 25 டாலர் அபராதம், 12 மாதம் கண்காணிப்பு. சின்ன விஷயம்தானே? அந்த அக்டோபரில் அட்லாண்டாவில் ஒரு பெரிய கடையில், கறுப்பர்களுக்கு உணவு பரிமாற மறுத்த இடத்தில் மாணவர்களோடு போய் உட்கார்ந்து கைதானார். மற்றவர்களை விட்டுவிட்டார்கள். கிங்கை மட்டும், கண்காணிப்பு நிபந்தனையை மீறினார் என்று டிகால்ப் கவுண்ட்டி இழுத்துக்கொண்டது. நான்கு மாதம் கடுங்காவல்! விடியுமுன் கைவிலங்கோடு தொலைதூரத்து மாநிலச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அப்போது அதிபர் தேர்தலில் நின்ற ஜான் கென்னடி, கிங்கின் மனைவிக்கு போன் செய்து ஆறுதல் சொன்னார். அவர் தம்பி ராபர்ட் நீதிபதியிடமே பேசினார். அக்டோபர் 27-ல் கிங் ஜாமீனில் வந்தார். அடுத்த மாதத் தேர்தலில் கறுப்பர்களின் ஓட்டு கென்னடி பக்கம் சாய இதுவும் ஒரு காரணம் என்பார்கள். ஒரு கவுண்ட்டி ஏட்டில் இருந்த ஓட்டுநர் உரிம வழக்கு எங்கே போய் நின்றது பாருங்கள்.

மூன்றாவது கதைதான் என்னைத் தூங்கவிடவில்லை. மறுபடியும் மாண்ட்கோமரி. ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2 அன்று, பள்ளி முடிந்து வீடு திரும்பிய கிளாடெட் கோல்வின் என்ற 15 வயதுப் பெண் பேருந்தில் இடத்தைவிட்டு எழ மறுத்தாள். பள்ளியில் அப்போதுதான் கறுப்பின மக்களின் வரலாறு படித்திருந்தார்கள். அந்த வரலாறுதான் தன்னை எழவிடவில்லை என்று பிற்காலத்தில் சொன்னார். வரலாறு நடத்தியவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

போலீஸார் விலங்கு மாட்டி இழுத்துப் போனார்கள். மூன்று குற்றச்சாட்டுகள். மேல்முறையீட்டில் இரண்டு விழுந்தன. போலீஸ்காரரைத் தாக்கினாள் என்ற ஒன்று மட்டும் நின்றது. அதற்கு முடிவு தேதி இல்லாத கண்காணிப்பு. அடுத்த ஆண்டு, பேருந்துப் பாகுபாட்டை எதிர்த்த பிரவுடர் வழக்கில் வாதிகளாக இருந்த நான்கு பெண்களில் அவரும் ஒருவர். அந்த வழக்கு வென்றுதான் பாகுபாட்டுச் சட்டம் ஒழிந்தது. சட்டம் ஒழிந்தது, கண்காணிப்பு முடிந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நியூயார்க் போய் முதியோர் இல்லத்தில் செவிலி உதவியாளராக முப்பது வருடத்துக்கும் மேல் உழைத்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் குடும்பத்துக்குப் பயம்.

2021 அக்டோபரில், 82 வயதில், அதே கவுண்ட்டி நீதிமன்றத்தில் அவரே மனு போட்டார். பேரப் பிள்ளைகளுக்காக என்றார். அரசு வழக்கறிஞரும் ஆதரித்தார். கால்வின் வில்லியம்ஸ் என்ற கறுப்பின நீதிபதி பதிவை நீக்க உத்தரவிட்டார். 66 வருடம்!

என் மாணவனுக்கு இதையெல்லாம் சொன்னேன். நடைமுறையும் சொன்னேன். முதலில் கைதான கவுண்ட்டியின் கிளார்க்கிடம் போய், வழக்கு எப்படி முடிந்தது என்பதற்குச் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். பிறகு பதிவை நீக்கவோ மூடி வைக்கவோ மனு. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அங்குள்ள சட்ட உதவி மையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. உத்தரவு கிடைத்ததும் வேலை முடிந்துவிடாது. கைது செய்த போலீஸ், ஷெரிஃப் சிறை, மாநிலக் காவல் துறை, எஃப்.பி.ஐ. என்று ஏடு பல இடத்தில் இருக்கிறது. தனியார் நிறுவனங்கள் வேறு நகல் எடுத்து விற்கின்றன. உத்தரவு எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்ததா என்று நாம்தான் பார்க்க வேண்டும். பென்சில்வேனியா மாநிலம் 2018-ல் ஒரு சட்டம் போட்டு, தண்டனையில் முடியாத வழக்குகளைக் கணினியே மூடி வைக்க வழி செய்தது. மனு போடத் தெரியாதவனுக்கும் நியாயம் கிடைக்க அதுதான் சரியான வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

"அழிச்சிட்டா வரலாறு போயிடாதா சார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. கோல்வினின் பதிவு போய்விட்டது, கதை போகவில்லையே. போராட்டத்தை ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும். வீடு தேடுகிறவனின் கைதை நினைவில் வைத்து யாருக்கு என்ன லாபம்?

கடைசியாக ஒன்று. நான் வகுப்பாசிரியராக இருந்தபோது, ஒரு பையனின் காசு காணாமல் போனது. பக்கத்தில் இருந்தவனைச் சந்தேகப்பட்டு என் குறிப்பு நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்தேன். மறுநாள் காசு கிடைத்தது. தொலைத்தவனின் பைக்குள்ளேயே. நான் எழுதியதை அடிக்கவில்லை. அடுத்த வருடம் நோட்டு வேறு ஆசிரியர் கைக்குப் போனது. அவர் அந்தப் பையனைக் கடைசி வரை ஒரு மாதிரிதான் பார்த்தார்.

அந்தப் பையன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. இதைப் படித்தால், தம்பி, ஒரு போன் பண்ணு.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு ஏடு உறுத்துகிறதா? அடிக்க வேண்டியதை இன்றே அடித்துவிடுங்கள்.