இறையிலியும் கணக்கும்

திருச்சபையின் நிருவாகத்தைப் பற்றிப் பேசும்போது நாம் அடிக்கடி எடுத்தாளும் சொற்கள் சில உண்டு. கோயில் சொத்து, பொறுப்பாளர், நிதிக்குழு, வரிவிலக்கு, கணக்கு என்பன அவற்றுள் சில. பழகிய சொற்கள் ஆதலின் அவற்றின் பொருளை நாம் ஆராய்வதில்லை. ஆயினும், பங்குகளில் எழும் மனக்கசப்புகள் பலவும் இச்சொற்களைப் பிறழ உணர்வதால் விளைவனவே. கோயில் சொத்து பங்குத்தந்தையின் கையிலிருப்பதால் அது அவருடையது என்று ஒருவர் எண்ணுகிறார். எங்கள் பாட்டனார் கொடுத்த நிலம், ஆகவே அது எங்களுடையது என்று மற்றொருவர் வழக்காடுகிறார். திருச்சபைக்கு வரி இல்லை, ஆகவே கணக்கும் இல்லை என்று வெளியிலிருப்போர் ஏசுகின்றனர். நம்மவருள்ளும் சிலர் அதனை உண்மையென்றே நம்புகின்றனர். இச்சொற்கள் கடந்துவந்த வழியைச் சற்றே திரும்பிப் பார்ப்போமாயின், இம்மூன்று எண்ணங்களும் பிழையானவை என்பது புலப்படும்.

கொல்லத்துச் செப்பேடு

வரி நீக்கப்பட்ட நிலத்தைக் குறிக்க நம் முன்னோர் வழங்கிய சொல் 'இறையிலி' என்பது. 'இறை' என்னும் சொல் கடவுளைக் குறிக்கும், அரசனைக் குறிக்கும், அரசனுக்குச் செலுத்தும் வரியையும் குறிக்கும். கோயில்களுக்கு விடப்பட்ட தேவதானமும், சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்பட்ட பள்ளிச்சந்தமும் இறையிலியாக அளிக்கப்பட்ட செய்திகள் சோழர் சாசனங்களில் நிறைந்துள்ளன. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் அளிக்கப்பட்டதை லைடன் செப்பேடுகள் உரைக்கின்றன.

கிறித்தவர்களும் இத்தகைய கொடையைப் பெற்றிருந்தனர். கி.பி. 849-ஆம் ஆண்டளவில், சேர மன்னன் தாணு இரவியின் ஆட்சிக் காலத்தில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு ஒரு செப்பேடு வழங்கினார். சிரிய மரபினரான சபீர் ஈசோ என்னும் வணிகத் தலைவர் எழுப்பிய பள்ளி அது. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அச்செப்பேடு, பள்ளிக்கு உரிய குடிகள் மீதிருந்த தலைக்காணம், ஏணிக்காணம் முதலிய வரிகளை நீக்குகிறது. அரபியிலும் பாரசீகத்திலும் எபிரேய எழுத்திலும் சாட்சிகள் அதில் கையொப்பமிட்டுள்ளனர்.

இதில் நாம் கூர்ந்து நோக்கவேண்டிய ஒரு செய்தி உண்டு. வரியை நீக்கிய அதே கொடையில், நகரத்தின் எடைக்கோல்களையும் அளவைகளையும் காக்கும் பொறுப்பும் பள்ளியைச் சார்ந்தோரிடம் ஒப்புவிக்கப்பட்டது. யாருடைய அளவை பிழைபடாது என்று ஊரார் நம்பினார்களோ, அவர்களுக்கே விலக்கும் கிடைத்தது என்று இதனை நாம் கொள்ளலாம்.

கணக்கைப் பற்றிய கண்டிப்பும் இம்மண்ணுக்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்கு நிற்க இயலாது என்று அவை விதிக்கின்றன. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அத்தடை நீள்கிறது.

உக்கிராணத்தின் திறவுகோல்

இனித் திருச்சபையின் சொந்தச் சொல்லுக்கு வருவோம். லூக்கா நற்செய்தியின் 16-ஆம் அதிகாரத்தில், தலைவரிடம் கணக்கு ஒப்புவிக்குமாறு அழைக்கப்படும் ஒருவரைக் காண்கிறோம். கிரேக்க மூலத்தில் அவர் 'ஓய்க்கோனோமோஸ்' எனப்படுகிறார். வீடு என்னும் சொல்லும், பகிர்ந்து நடத்துதல் என்னும் சொல்லும் இணைந்து பிறந்த பெயர் அது. சீர்திருத்தச் சபையாரின் பழைய மொழிபெயர்ப்பு அவரை 'உக்கிராணக்காரன்' என்றது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'வீட்டுப் பொறுப்பாளர்' என்கிறது. உக்கிராணம் என்பது பண்டகசாலை. அதன் திறவுகோல் அவர் இடுப்பில் இருக்கும். உள்ளிருக்கும் நெல்லோ அவருடையதன்று. திருச்சபை நிருவாகத்தின் தத்துவம் முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது எனலாம்.

கி.பி. 321-இல் பேரரசர் கான்ஸ்தந்தீன், எவரும் தம் உடைமையைத் திருச்சபைக்கு எழுதிவைக்கலாம் என்று சட்டம் செய்தார். நிலங்கள் வந்து குவிந்தன. அவற்றோடு ஐயங்களும் வந்தன. 451-இல் கூடிய கல்செதோன் பொதுச்சங்கம், ஒவ்வோர் ஆயரும் தம் குருக்களுள் ஒருவரைப் பொருளாளராக ஏற்படுத்த வேண்டும் என்று தன் 26-ஆம் விதியில் பணித்தது. அதற்கு அது கூறிய காரணம் சிந்தனைக்குரியது: திருச்சபையின் நிருவாகம் சாட்சியின்றி நடக்கலாகாது, அதனால் பொருள் சிதறவும் குருத்துவத்தின் மீது பழி வரவும் இடம் தரலாகாது. அக்குருக்களுக்குக் கிரேக்கம் கொடுத்த பெயரும் 'ஓய்க்கோனோமோஸ்' என்பதே. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை முதலாம் கெலாசியுஸ், திருச்சபையின் வருவாயை நான்காகப் பகுத்தார்: ஆயருக்கு ஒரு பங்கு, குருக்களுக்கு ஒரு பங்கு, ஏழைகளுக்கு ஒரு பங்கு, ஆலயக் கட்டடங்களுக்கு ஒரு பங்கு. ஏழையின் பங்கு அங்கே பிச்சையாக அமையவில்லை. வரவு செலவில் அவனுக்கென வகுக்கப்பட்ட உரிமையாக அமைந்தது.

சுமையும் விலக்கும்

வரிவிலக்கிற்கு இலத்தீனில் வழங்கிய சொல் 'இம்யூனித்தாஸ்'. குடிமகன் பொதுநலனுக்காகச் சுமக்கவேண்டிய கடமைச் சுமை 'மூனுஸ்' எனப்பட்டது. அச்சுமை நீக்கப்படுதல் 'இம்யூனித்தாஸ்'. கான்ஸ்தந்தீன் குருக்களை அச்சுமையிலிருந்து விடுவித்தார். விளைவு என்ன? செல்வர் சிலர் அச்சுமைக்கு அஞ்சியே குருநிலையை நாடலாயினர். பேரரசரே மீண்டும் சட்டம் இயற்றி அதனைத் தடுக்க நேர்ந்தது. பணியின் பொருட்டு ஏற்பட்ட விலக்கு, விலக்கின் பொருட்டுப் பணி என்று தலைகீழாகும் இடரை அந்நூற்றாண்டே கண்டுவிட்டது.

இடைக்காலத்தில் இவ்விலக்கு பெரும்பூசலுக்கு வித்திட்டது. 1296-இல் திருத்தந்தை எட்டாம் போனிஃபாசியுஸ், உரோமையின் இசைவின்றிக் குருக்களிடம் வரி வாங்கலாகாது என்று ஆணை மடல் விடுத்தார். பிரான்சு மன்னர் நான்காம் பிலிப்பு, பொன்னும் வெள்ளியும் நாட்டைவிட்டுச் செல்லலாகாது என்று தடை விதித்தார். மறு ஆண்டே, நாட்டிற்கு இடர் நேருங்கால் மன்னர் வரி பெறலாம் என்று திருத்தந்தை இணங்கவேண்டியதாயிற்று. அரசும் திருச்சபையும் தத்தம் உரிமையைப் பற்றியே வாதிட்டன. எந்நோக்கத்திற்காக அவ்வுடைமை உள்ளது என்னும் வினா பின்தள்ளப்பட்டது.

அவ்வினாவை மீண்டும் முன்னிறுத்தியது திரெந்து பொதுச்சங்கம். 1562-இல் நடைபெற்ற அதன் 22-ஆம் அமர்வு, ஆலயம், மருத்துவ விடுதி, பக்த சபை ஆகியவற்றின் நிதியைக் கையாளுவோர், குருவாயினும் பொதுநிலையினராயினும், ஆண்டுதோறும் ஆயரிடம் கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவர் என்று விதித்தது. ஆண்டுக் கணக்கு என்பது இக்கால அரசுகள் நம்மீது சுமத்திய புதுமை என்று எண்ணுவோர், இந்த ஆண்டை நினைவில் கொள்வது நலம்.

அறம் என்னும் அளவுகோல்

நம் நாட்டு வரிச்சட்டத்தில் வழங்கும் 'அறநோக்கம்' என்னும் கருத்தின் வேர் ஆங்கிலச் சட்டத்தில் உள்ளது. 1601-இல் இங்கிலாந்து அறக்கொடைகளைப் பற்றி ஒரு சட்டம் இயற்றியது. கொடைகள் கொடையாளரின் நோக்கத்திற்கு மாறாகச் செலவாவதைத் தடுப்பதே அதன் குறிக்கோள். 1891-இல் பெம்சல் என்பாரின் வழக்கில் பிரபுக்கள் சபை அறத்தை நான்காக வகுத்தது: வறுமை நீக்கம், கல்வி வளர்ச்சி, சமய வளர்ச்சி, பொதுமக்களுக்கு நன்மை பயக்கும் பிற பணிகள். அவ்வழக்கும் மொராவியச் சபையின் மறைபரப்புப் பணிக்கென விடப்பட்ட நிலத்தின் வருவாயைப் பற்றியதே.

இந்தியாவில் வருமான வரி 1860-இல் அறிமுகமாயிற்று. 1886-ஆம் ஆண்டின் சட்டம் சமய, பொது அறப்பணிகளுக்கே முழுதும் பயன்படும் உடைமையின் வருவாய்க்கு விலக்களித்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விலக்கை எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாகத் தொடர்ந்தது. ஆனால், நிபந்தனைகளோடு தொடர்ந்தது. நிறுவனம் பதிவு பெறவேண்டும். பொதுவிதியாக, வருவாயில் 85 விழுக்காடு அதன் நோக்கத்திற்கே செலவாகவேண்டும். வருவாய் வரம்பைக் கடந்தால் கணக்குத் தணிக்கை செய்யப்படவேண்டும். நிறுவியவரோ பொறுப்பாளரோ அவர்தம் உறவினரோ அதனால் தன்னலம் அடைந்தால் விலக்குப் பறிபோகும். உத்திரமேரூர்க் கல்லின் குரல் இங்கும் கேட்கிறதன்றோ! நாடாளுமன்றம் 2025-இல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டம் இத்தகைய அமைப்புகளைப் 'பதிவுபெற்ற இலாப நோக்கமற்ற நிறுவனம்' என்னும் பெயரால் அழைக்கிறது. பெயர் மாறினும், பதிவு, நோக்கம், தணிக்கை என்னும் மூன்று தூண்களும் மாறவில்லை.

சொத்து யாருடையது?

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இவ்வினாவிற்குத் தெளிவான விடை தருகிறது. முறையாகப் பெற்ற உடைமை, அதனைப் பெற்ற சட்ட ஆளுமைக்கே உரியது என்கிறது சட்டம் 1256. பங்கு ஒரு சட்ட ஆளுமை. மறைமாவட்டம் ஒரு சட்ட ஆளுமை. பங்கின் உடைமை பங்கிற்கு உரியது. பங்குத்தந்தை அதன் நிருவாகி. கொடுத்தவரின் குடும்பத்திற்கும் அதில் தனியுரிமை இல்லை. திருத்தந்தையையும்கூட, உடைமைகள் அனைத்தின் மேலான நிருவாகி என்றே சட்டம் 1273 அழைக்கிறது. உரிமையாளர் என்று அழைக்கவில்லை.

நிருவாகி நல்லதொரு குடும்பத் தலைவரின் கருத்தோடு செயலாற்ற வேண்டும் என்கிறது சட்டம் 1284. ஒரு நோக்கத்திற்கென விசுவாசிகள் கொடுத்த காணிக்கையை அந்நோக்கத்திற்கே செலவிடவேண்டும் என்கிறது சட்டம் 1267. மேய்ப்புப்பணிப் பேரவை அமைவது ஆயரின் தீர்மானத்தைப் பொறுத்தது; நிதிக்குழுவோ ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆகவேண்டும் என்கிறது சட்டம் 537. சட்டம் 1287 இரு திசைகளில் கணக்கைக் கேட்கிறது: நிருவாகி ஆண்டுதோறும் ஆயருக்குக் கணக்குத் தரவேண்டும், மறைமாவட்ட விதிமுறைக்கேற்ப, விசுவாசிகள் அளித்த காணிக்கைக்கு விசுவாசிகளுக்கும் கணக்குத் தரவேண்டும். ஆகவே, பங்கின் கணக்கைப் பணிவோடு கேட்கும் பொதுநிலையினர் கீழ்ப்படியாதவர் அல்லர். திருச்சபையின் சட்டம் தமக்கு வழங்கியதையே அவர் கேட்கிறார். கேட்கப்படும் முன்னரே கணக்கை வாசித்துவிடும் பங்குத்தந்தையோ தம் பணியின் மதிப்பைத் தாமே காத்துக்கொள்கிறார்.

இக்கடமை உச்சியில் இருப்போருக்கும் உண்டு. 2014-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வத்திக்கானின் நிதி நிருவாகத்தைச் சீரமைக்க வெளியிட்ட மடலின் தலைப்பு, லூக்கா 12-ஆம் அதிகாரத்தின் அறிவும் நம்பிக்கையும் வாய்ந்த வீட்டுப் பொறுப்பாளரைச் சுட்டுவது. 2023 டிசம்பரில் வத்திக்கான் நீதிமன்றம், நிதிமுறைகேட்டு வழக்கொன்றின் முதல் நிலைத் தீர்ப்பில், கர்தினால் ஒருவர் உள்ளிட்டோருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. இச்செய்தி நம்மை வருத்தியது மெய்யே. ஆயினும், மறைத்துவைத்த புண்ணைவிடத் திறந்து மருந்திட்ட புண் நலமானது.

ஊதியமும் அர்ப்பணமும்

அண்மைக் காலத்தில் நம் இல்லங்களில் மிகுதியும் பேசப்பட்டது, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பணியாற்றும் அருட்சகோதரிகள், குருக்கள் ஆகியோரின் ஊதியத்தில் வரி பிடித்தம் செய்யும் வழக்கு. துறவியர் தம் உழைப்பால் ஈட்டுவது அவர்தம் சபைக்கே உரியது என்கிறது சட்டம் 668. ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர் உலகியல் உரிமைகளைப் பொறுத்தவரை இறந்தவருக்கு ஒப்பானவர். ஆதலின், ஊதியம் அவருடைய வருமானம் ஆகாது என்பது சபைகளின் வாதம். 1944-ஆம் ஆண்டின் சுற்றறிக்கை ஒன்றையும் அவை சான்று காட்டின. சென்னை உயர்நீதிமன்றத்தின் அமர்வு 2019-இல் இவ்வாதத்தை ஏற்கவில்லை. தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் சென்ற மேல்முறையீடுகளை உச்சநீதிமன்றம் 2024 நவம்பர் 7 அன்று தள்ளுபடி செய்தது. ஊதியம் பணியாளருக்கு வழங்கப்படுகிறது. அதனை அவர் எவ்வாறு பயன்படுத்துகிறார் என்பது பிடித்தத்தை மாற்றாது என்பதே அரசின் சட்டம் காணும் பார்வை.

தம் ஊதியத்தில் ஒரு காசும் தமக்கென வைத்துக்கொள்ளாத சகோதரிக்கு இத்தீர்ப்பு வலியைத் தந்திருக்கும். அவ்வலியை நாம் எளிதாக எண்ணலாகாது; பிடித்தமாகும் ஒவ்வொரு தொகையும் ஒரு விடுதிச் சிறுமியின் உணவிலோ, ஒரு முதியோர் இல்லத்தின் மருந்திலோ குறையக்கூடும். ஆயினும், சொற்களின் வரலாறு நமக்கு ஓர் உண்மையைக் கற்பிக்கிறது. விலக்கு ஆளுக்கு உரியதன்று. அணியும் உடைக்கும் உரியதன்று. அது நோக்கத்திற்கு உரியது. அர்ப்பணம் என்பது இறைவன் முன் எடுத்த வார்த்தைப்பாடு. அதன் ஏற்புக்கு வருமான வரி அலுவலகத்தின் முத்திரை தேவையில்லை.

ஆகவே, கணக்கை அயலார் கேட்கும் தொல்லையாக நாம் கருதவேண்டா. கல்செதோனின் 26-ஆம் விதியிலும் திரெந்தின் ஆணையிலும் இன்றைய சட்டத் தொகுப்பிலும் அது நம் சொந்த வீட்டின் ஒழுங்காகவே வருகிறது. வரும் நிதியாண்டின் இறுதியில் நம் பங்கு ஆலயத்தின் அறிவிப்புப் பலகையில் வரவு செலவு ஒட்டப்படுமாயின், அதனை நின்று படிப்போம். அப்பலகை வெறுமையாயிருப்பின், அன்போடும் பணிவோடும் கேட்போம். நிதிக்குழுவில் பணியாற்ற அழைப்பு வரின், நேரமில்லை என்று ஒதுங்காதிருப்போம். ஏனெனில், அங்கே எழுதப்படும் வரவின் முதல் வரி, வாரக்கூலியிலிருந்து ஒரு கைம்பெண் இட்ட காசாக இருக்கலாம். அக்காசுக்கு வரி இல்லை; கணக்கு உண்டு.