மன்னார் வளைகுடா பவளத்திட்டுகளில் ஸ்கூபா முக்குளிப்பு

மன்னார் வளைகுடா பவளத்திட்டுகளில் ஸ்கூபா முக்குளிப்பு என்பது, அழுத்தப்பட்ட காற்று நிரப்பிய உருளையைச் சுமந்து சென்று, இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள வெப்பக்கடல் பவளத்திட்டுகளை நீருக்கடியில் காண்பதும் ஆராய்வதும் ஆகும். முத்துக்கும் சங்குக்கும் மூச்சடக்கிக் குளித்தவர்களால் புகழ்பெற்றது இக்கடல். இத்திட்டுகள் எவ்வளவு அழிந்தன, எவ்வளவு மீண்டன என்பது பற்றிய அறிவு, பெரும்பாலும் முக்குளிப்போர் நீரடியில் எடுத்த அளவீடுகளிலிருந்தே கிடைத்துள்ளது.

அமைவிடம்

மன்னார் வளைகுடா இந்தியாவின் தென்கிழக்குக் கரைக்கும் இலங்கைக்கும் இடையே உள்ளது. இங்குள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், இன்னும் பரந்த பகுதி 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. தீவுகள் மண்டபம் (7), கீழக்கரை (7), வேம்பார் (3), தூத்துக்குடி (4) என நான்கு தொகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றன. இவற்றுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் கடலில் மூழ்கிவிட்டன. திட்டுகள் பெரும்பாலும் தீவுகளை ஒட்டி, சில மீட்டர் ஆழத்திலேயே அமைந்துள்ளன. 100-க்கும் மேற்பட்ட பவள இனங்கள் இங்கு பதிவாகியுள்ளன.

திட்டு கட்டும் பவளங்களுக்குத் தெளிந்த, இளஞ்சூடான, போதிய உப்புள்ள நீர் தேவை. ஆறுகள் கொண்டுவரும் நன்னீரும் வண்டலும் அவற்றுக்குப் பகையாகும். வங்காள விரிகுடாவில் பேராறுகள் பல கலப்பதால், இந்தியப் பெருநிலத்தின் கிழக்குக் கரையில் பாக்கு விரிகுடாவுக்கு வடக்கே குறிப்பிடத்தக்க பவளத்திட்டுகள் இல்லை. தமிழ்நாட்டின் வடகோடியான திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே உள்ள பழவேற்காட்டுக் கடலும் இதற்கு விலக்கன்று. மீன்வளம் பெருக்கத் தமிழகக் கடலில் இடப்படும் செயற்கைத் திட்டுகள் காங்கிரீட்டுக் கட்டமைப்புகளே. அவை பவளத்திட்டுகள் அல்ல.

கருவியும் காற்றும்

தேவைக்கேற்ப மூச்சுக்காற்று தரும் நவீன ஸ்கூபா கருவியைப் பிரான்சு நாட்டவர்களான ஜாக் கூஸ்தோ, எமில் காஞான் ஆகியோர் 1943-இல் உருவாக்கினர். உருளையில் இருப்பது தூய ஆக்சிசன் என்பது பரவலான தவறான கருத்தாகும். அதில் இருப்பது வடிகட்டி அழுத்தப்பட்ட சாதாரணக் காற்றே. தூய ஆக்சிசனைச் சுமார் 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் அது நஞ்சாகி வலிப்பை உண்டாக்கக்கூடும்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. உருளையில் பொருத்தப்படும் சீராக்கி, உயர் அழுத்தக் காற்றை இரு படிகளில் குறைத்து, முக்குளிப்பவர் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்திலேயே வாய்க்குத் தருகிறது. ஆகவே ஆழம் கூடக்கூடக் காற்று விரைவாகச் செலவாகும். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 11 லிட்டர் உருளையில் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு இது கடல் மட்டத்தில் 110 நிமிடமும், 10 மீட்டரில் 55 நிமிடமும், 30 மீட்டரில் 27 நிமிடமும் மட்டுமே போதும். கையிருப்பாக விடவேண்டிய காற்றைக் கழித்தால் நேரம் மேலும் குறையும்.

மூச்சடக்கிக் குளித்தலும் ஸ்கூபாவும்

மரபுவழி முத்துக்குளிப்பவர் கல்லைக் கட்டி இறங்கி, ஒரு நிமிடம் அளவில் சிப்பிகளைச் சேர்த்துக்கொண்டு, படகில் இருப்பவர் கயிற்றை இழுக்க மேலேறினார். அவருடைய நுரையீரலில் இருந்த காற்று ஆழத்தில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்பியது. ஸ்கூபாவில் நிலைமை வேறு. 10 மீட்டரில் உருளைக்காற்றை நிறைய இழுத்தவர் மூச்சை அடக்கியபடி மேலேறினால், அக்காற்று இருமடங்காக விரிந்து நுரையீரலைக் கிழிக்கும். சில மீட்டர் ஆழத்திலும் இது நேரக்கூடும் என்பதால், மன்னார் வளைகுடாவின் ஆழம் குறைந்த திட்டுகளில் ஆபத்து இல்லை எனக் கருதலாகாது. நீரடியில் மூச்சை ஒருபோதும் அடக்கக்கூடாது என்பதே ஸ்கூபாவின் முதல் விதியாகும்.

ஆழத்தில் நெடுநேரம் இருப்பின், நைட்ரசன் உடலில் கரைகிறது. விரைந்து மேலேறினால் அது குமிழிகளாகி மூட்டுவலி, பக்கவாதம், சிலவேளை இறப்பையும் விளைவிக்கும். இதற்காகவே நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறுவதும், 5 மீட்டரில் 3 நிமிடம் தங்குவதும் வழக்கமாக உள்ளன.

நீரடி அளவீடு

பவளத்திட்டின் நலத்தை அறிய, 20 மீட்டர் அளவுநாடாவைத் திட்டின்மீது விரித்து, அதன் கீழ் வரும் உயிருள்ள பவளம், இறந்த பவளம், பாசி, மணல் ஆகியவற்றின் நீளங்கள் குறிக்கப்படுகின்றன. 20 மீட்டரில் 4.6 மீட்டர் உயிர்ப்பவளம் இருந்தால் அதன் பரப்பு 23 விழுக்காடு ஆகும். இதைப் பல இடங்களில் ஆண்டுதோறும் திரும்பச் செய்ய நீரடியில் நெடுநேரம் அசையாது தங்க வேண்டும். மூச்சடக்கிக் குளித்து இதைச் செய்வது அரிது.

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2003 முதல் 2005 வரை 21 தீவுகளின் திட்டுகளையும் இவ்வாறு ஆய்வு செய்தது. சுமார் 110 சதுர கிலோமீட்டர் திட்டுப் பரப்பில் ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர் ஏற்கெனவே சீரழிந்திருந்தது கண்டறியப்பட்டது. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளத்தை வெட்டியெடுத்தது இதற்கு முதன்மைக் காரணமாகும். 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னரே இத்தொழில் ஓய்ந்தது.

வெளிறல்

பவளத்தின் திசுக்களில் வாழும் நுண்பாசிகளே அதற்கு நிறத்தையும் உணவின் பெரும்பகுதியையும் தருகின்றன. நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைத் தாண்டிப் பல நாட்கள் நீடித்தால் பாசிகள் வெளியேற்றப்பட்டுப் பவளம் வெண்மையாகிறது. இங்கு ஏப்ரல் முதல் சூன் வரை வெப்பம் 30 பாகை செல்சியசைக் கடக்கும்போது வெளிறல் காணப்படுகிறது. வெளிறிய பவளம் உடனே இறப்பதில்லை. வெப்பம் தணிந்தால் மீளக்கூடும்.

1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடும் வெளிறல் ஏற்பட்டது. 2016-இல் உயிர்ப்பவளப் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 விழுக்காடாகக் குறைந்தது. விரைந்து வளரும் கிளைப்பவளங்கள் மிகுதியாக இறந்தன; மெல்ல வளரும் திரள்பவளங்கள் ஓரளவு தாங்கின.

மீட்புப் பணிகள்

உள்ளூர்ப் பவள இனங்களின் சிறு துண்டுகளைக் காங்கிரீட்டுப் பலகைகளில் கட்டி, சீரழிந்த இடங்களில் பதிக்கும் பணி 2002 முதல் நடைபெறுகிறது. அரிப்பால் சுருங்கிவந்த தூத்துக்குடியின் வான் தீவைச் சுற்றி 2015 முதல் செயற்கைத் திட்டு அமைப்புகள் இறக்கப்பட்டன. குருசடைத் தீவில் பவளத்தை மூடிப் பரவிய கப்பாபைக்கசு என்னும் அயல் கடற்பாசி, முக்குளிப்போரால் கையால் அகற்றப்பட்டது.

முக்குளிப்போர் கவனிக்க வேண்டியவை

தேசியப் பூங்காவினுள் செல்ல வனத்துறையின் அனுமதி தேவை. மீனவர் கச்சான் எனக் கூறும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்து நீர் கலங்கும். திரள்பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்வதால், துடுப்புக்காலின் ஓர் உதை பல ஆண்டு வளர்ச்சியை உடைத்துவிடக்கூடும். மிதப்பைச் சீராக வைத்திருத்தல், பவளத்தைத் தொடாமை, அடிமணலைக் கிளறாமை ஆகியன அடிப்படை ஒழுங்குகளாகும். இறந்த பவளத்துண்டை எடுத்துவருவதும் சட்டப்படி குற்றமாகும்.